பதினெட்டு நாளில் கரையும் கவசம்

அவையோர்க்கு வணக்கம்.

மாரடைப்பில் ரத்தம் நிற்கும்போது மட்டுமல்ல, அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களிலும் இதயச் செல்கள் சாகின்றன. உடற்பயிற்சி கைகொடுக்கும் இடம் அது.

ஒரேயொரு இதயத்தசைச் செல்லைப் பாருங்கள். நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம், ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவுக்கே. ரத்தம் நின்றதும் அமிலம் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்றப் போய் சோடியம் உள்ளே வருகிறது. சோடியத்தை வெளியேற்றப் போய் கால்சியம் குவிகிறது. அந்த நிலையில் ஆக்சிஜன் திடீரெனப் பாய்ந்தால், செல்லைச் சிதைக்கும் மூலக்கூறுகளான ஃப்ரீ ரேடிக்கல்கள் கிளம்பி, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் துளை திறந்துகொள்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி உற்பத்தி அற்றுச் செல் மடிகிறது.

எலிகளை நாளுக்கு 60 நிமிடம் என மூன்றே நாள் ட்ரெட்மில்லில் ஓடவிட்டார்கள். பின் இதயத்தில் ரத்தத்தை நிறுத்தித் திருப்பிவிட்டபோது இந்தச் சேதம் கணிசமாகக் குறைந்தது. மூன்று நாளில் இதயம் பெருத்துவிடாது, மாற்றம் செல்லுக்குள்தான். அதில் முக்கியமான ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் மாங்கனீஸ் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற என்சைம். ஓடும்போது சிறிதளவு உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கலே இந்த என்சைமைத் தூண்டுகிறது. இன்னொரு சோதனையில், ஓடுமுன் ஃப்ரீ ரேடிக்கலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது பாதுகாப்பே வரவில்லை! செல்லுக்கு அந்தச் சிறு உறுத்தல் வேண்டியிருக்கிறது.

இழுவிசையும் அப்படித்தான். வேகமாக நடக்கையில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி, அறைகள் விரிகின்றன. டைட்டின் போன்ற புரதங்கள் அந்த இழுவையை உணர, செல்லைக் காக்கும் சமிக்ஞைகள் எழுகின்றன. அப்படியானால் ரத்தக்கொதிப்பும் இதயத்துக்குப் பயிற்சிதானே என்று கேட்கலாம். இல்லை. பயிற்சியின் சுமை ஏறி இறங்குகிறது, நடுவே ஓய்வு உண்டு. கொதிப்பின் சுமை இரவும் பகலும் இறங்குவதில்லை. தசை தடித்து, நார்த்திசு படிகிறது.

கவனிக்க வேண்டியது அடுத்த கணக்கு. ஓட்டத்தை நிறுத்தி ஒன்பது நாள்வரை எலிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. பதினெட்டாம் நாள் பார்த்தால் இல்லை. மனிதருக்கு இதே நாள்கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் ஒருமுறை மூச்சிரைக்க ஓடுவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடையையே பரிந்துரைப்பேன். பேச முடியணும், பாட முடியக்கூடாது, வேகம் அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். பழக்கமில்லாதவர் திடீரெனக் கடுமையாக ஓடுவதே மாரடைப்பைத் தூண்டலாம். நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிடுங்கள். ஓய்விலும் சில நிமிடத்தில் தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.