மணையிலிருந்து பார்த்தால்

(தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில், எல்லையின் இரு பக்கத்துக் கல்யாணப் போட்டோகிராபர்களும் கூடிய ஆடி மாதக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஆடி, மலையாளத்தில் கர்க்கடகம். இரண்டு கணக்கிலும் கல்யாணம் கிடையாது. அதனால்தான் உங்களையெல்லாம் இப்படி ஒரே இடத்தில், அதுவும் உட்கார்ந்த நிலையில், பார்க்க முடிகிறது. ஆவணி பிறந்துவிட்டால் விடியற்காலை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு முகூர்த்தம், பதினொரு மணிக்குப் பாலக்காட்டில் ஒரு தாலிகெட்டு என்று கோபாலபுரத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

லென்ஸைப் பற்றிப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு இருக்கைகளைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்று, மண்டபத்தில் ஐந்தாவது வரிசையில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொன்று மணை. இந்த இரண்டிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம்முடைய வேலை எப்படித் தெரிகிறது? நமக்குத் தெரியாது. ஏனென்றால் நாம் நூறு கல்யாணத்துக்குப் போயிருப்போம். ஒரு கல்யாணத்தையும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டோம்.

முதலில் நாற்காலி. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மேடை உயரம் மூன்றடி. மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும். நாற்காலியில் இருக்கும் பாட்டியின் கண் நாலடிக்கும் கொஞ்சம் குறைவு. பாட்டியின் கண்ணிலிருந்து பெண்ணின் முகத்துக்கு ஒரு கயிறு கட்டினால் அது மேடை அருகே ஐந்தடிக்குச் சற்று மேலே போகும். அந்த இடத்தில் தரையில் நின்றுகொண்டு நாம் கேமராவைத் தூக்கினால் கயிறு நம் கழுத்தில் மாட்டும். மேடை மேலேயே ஏறி நின்றாலோ, பாட்டி பார்ப்பது நம் பேன்ட்டின் பின் பாக்கெட்டை. மேடையில் மண்டியிட்டாலும் தலை ஆறடிக்கு வந்துவிடுகிறது, அதுவும் உதவாது. கெட்டிமேளம் கொட்டியதும் பாட்டி எறியும் அட்சதை யார் தலையில் விழுகிறது என்று கல்யாணம் முடிந்து தலை சீவும்போது நமக்கே தெரியும்.

இதற்கு வழி எளிது. ஓரடி உயர முக்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். மேடைக்கு ஏழெட்டு அடி தள்ளி, தரையில், அதில் உட்காருங்கள். தலை நாலடிக்குள் அடங்கிவிடும். 70-200 லென்ஸ் இருந்தால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. இதில் இன்னொரு லாபம் உண்டு. தாலி ஏறும்போது பெண் தலையைக் குனிந்திருப்பாள். நின்றுகொண்டு எடுத்தால் நமக்குக் கிடைப்பது வகிடும் நெற்றிச்சுட்டியும்தான். கீழே உட்கார்ந்து மேல்நோக்கி எடுத்தால் குனிந்த முகம் முழுசாகக் கிடைக்கும். விருந்தாளிக்கு வழிவிட்டால் நமக்குப் படம் போய்விடும் என்று நினைக்கிறோம். தாலி நேரத்தில் அது நேர்மாறு.

இரண்டாவது ஆள் மேடையின் பக்கத் தூணை ஒட்டி நிற்கட்டும். முடிச்சும், மாப்பிள்ளையின் கையும், நாத்தனார் கையும் அவருடைய பொறுப்பு. மூன்றாவது ஆள் மேடைக்கு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கேரளத்து மேடையில் ஒரு கூடுதல் சங்கதி. நிலவிளக்கும், நெல் நிறைத்த மரப்படியான நிறபறையும் மணமக்களுக்கு நேர் முன்னால் இருக்கும். பறை நெல்லின் மேல் செருகிய தென்னம்பூக்குலை சரியாகப் பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே வரும். கீழே உட்கார்ந்தால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அரையடி நகர்த்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் விளக்கு ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஏற்றிய விளக்கை நகர்த்தச் சொன்னால் அந்த வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கு முழுவதும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நம் பக்கத்து முகூர்த்தத்தில் சீர்கள் மணிக்கணக்காக நடக்கும். ஓரிடம் சரியில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் தாலியும் மாலையும், மாப்பிள்ளை புடவை கொடுக்கும் புடவைகொடையும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது சாதாரணம். குருவாயூர் கிழக்கு நடை மண்டபங்களில் அதுகூடக் கிடையாது. ஒரு ஜோடி இறங்கும்போதே அடுத்த ஜோடி வரிசையில் நிற்கும். 2024 செப்டம்பரில் ஒரே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் அங்கே நடந்தன. அங்கே போய் ‘இன்னொரு தடவை மாலையைப் போடுங்க’ என்று சொல்ல வாயெடுக்கக்கூட முடியாது.

விருந்தாளிக்கு நம்மால் வரும் இரண்டாவது தண்டனை, வரவேற்பு வரிசை. இதையும் கணக்காகவே சொல்கிறேன். அறுநூறு பேர், நாலு பேருக்கு ஒரு படம், ஆக நூற்றைம்பது படங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஏறி, கைகுலுக்கி, மொய்க் கவரைக் கொடுத்து, நின்று, நாம் ‘அண்ணா, கொஞ்சம் உள்ளே தள்ளி வாங்க’ என்று சொல்லி முடிக்க நாற்பது விநாடி. நூறு நிமிடம் ஆயிற்று. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று சேதி வந்ததும் பாதி வரிசை கலைந்துவிடும். கலைந்தவர்கள் மறுபடி வர மாட்டார்கள், வருத்தம் மட்டும் மிஞ்சும்.

நாற்பதை இருபது விநாடி ஆக்கலாம். படியேறும் இடத்தில் ஒரு உதவியாளை நிறுத்தி, வருகிறவர்களைக் கீழேயே குடும்பம் குடும்பமாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஒளியை முன்பே சரிபார்த்துவிட்டு, ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிளிக், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, வரிசையை நீட்டுவது அதுதான். மணமேடையில் எடுக்க வேண்டிய நெருங்கிய குடும்பப் படங்களுக்குப் பதினைந்து பெயர் கொண்ட பட்டியல் ஒன்றை முதல் நாளே வாங்குங்கள். வயதானவர்கள் முதலில். கூப்பிட ஆள் வேண்டும்: இரண்டு பக்கத்திலிருந்தும் ஊரில் எல்லாரையும் தெரிந்த, குரல் ஓங்கிய மாமா ஒருவர். நாமே ‘பொண்ணோட சித்தி யாருங்க?’ என்று கத்திக்கொண்டிருந்தால் மூன்று சித்திகள் வருவார்கள், நாலாவது சித்தி கோபித்துக்கொள்வார்.

இப்போது மணை. நம்மில் இன்றைக்குப் பெண்களும் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். இத்தனை நாள் எதிரில் நின்று எடுத்தவர் ஒருநாள் அந்த மணையில் போய் உட்காரும்போது முதலில் தெரிவது ஒளியின் கொடுமை. எதிரில் இரண்டு பிளாஷ், பக்கத்துக்கு ஒரு வீடியோ லைட், பின்னால் எல்இடி திரை. ஓமப் புகை வேறு. கண்ணில் நீர் வராமல் என்ன செய்யும்? அதையும் ‘பிரியும் சோகம்’ என்று ஹைலைட்ஸில் போட்டு வயலின் இசை சேர்த்துவிடுகிறோம்! வீடியோ லைட்டை முகத்துக்கு நேரே வைக்காமல் நாற்பத்தைந்து பாகை பக்கவாட்டில், தலைக்கு மேலே ஏற்றி வையுங்கள். பிளாஷை நேராக அடிக்காமல் வெள்ளைக் கூரை இருந்தால் அதில் மோதவிடுங்கள். கண் சிமிட்டுகிற பெண்ணிடம் ‘சிமிட்டாதீங்க’ என்றால் இன்னும் சிமிட்டுவாள். ‘கண்ணை மூடிக்கோங்க, மூணு எண்ணினதும் திறங்க’ என்று சொல்லுங்கள், போதும்.

அடுத்தது உடம்பு. நாலரை மணி முகூர்த்தம் என்றால் அலங்காரத்துக்கு ஒன்றரை மணிக்கே எழுப்பியிருப்பார்கள். முந்தின இரவு வரவேற்பு முடிந்து படுக்கவே பன்னிரண்டு. ஜரிகை நிறைந்த பட்டுப்புடவை முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். நகையும் ஈர மாலையும் அதன் மேல். சாப்பிட்டது முந்தின இரவு இரண்டு இட்லி. இந்த நிலையில் இருக்கிறவளிடம்தான் நாம் ‘இயல்பா சிரிங்க’ என்கிறோம். உதட்டுச் சாயம் கலையாமல் குடிக்க ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று, தோழி கையில் இருக்கட்டும். குடும்பப் படங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் மாலையைக் கழற்றி உட்காரவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை நாம் கேட்டால்தான் கிடைக்கும்; பெண் கேட்டால் ‘இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்கோ’ என்பார்கள்.

அலங்கார அறைக்குப் பெண் போட்டோகிராபர் போவதே சரி. அப்படி ஒருவர் குழுவில் இல்லையென்றால் புடவை கட்டி முடித்த பிறகு, கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கு ஜன்னல் வெளிச்சம் வராது. மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் சேர்ந்து எரிந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் பச்சையாகவும் விழும். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். அலங்காரம் எப்போதும் தாமதமாகும், அந்தத் தாமதம் எப்போதும் நம் அரைமணியில்தான் கழியும். அதனால் ஒப்பந்தம் பேசும்போதே அலங்காரக்காரரிடமும் நேரத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

மணையிலிருந்து தெரியும் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மணப்பெண் தன் கல்யாணத்தைப் பார்ப்பதில்லை. குனிந்த தலைக்குத் தெரிவது தன் மடி, ஓமகுண்டத்தின் ஓரம், புரோகிதரின் கை, ஒரு கேமராக்காரரின் முட்டி. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அவருடைய சகோதரியும் இணைச்சீர் செய்யும்போது பெண் மேடையிலேயே இருப்பதில்லை. மங்கல வாழ்த்து காதில் விழும், பாடுகிறவர் முகம் தெரியாது. தாலி ஏறும் நேரத்தில் அப்பா எங்கே நின்றார், அம்மா யாருடைய கையைப் பிடித்துக்கொண்டார், வாசலில் யார் யாரை வரவேற்றார்கள், ஒன்றும் தெரியாது. சிரியன் கிறிஸ்தவக் கல்யாணத்தில் மந்திரகோடி என்ற கல்யாணப் புடவையிலிருந்து ஏழு நூல் உருவி மின்னுக்கு, அதாவது அவர்கள் தாலிக்கு, கயிறு திரிப்பார்கள். அதைத் திரித்த விரல்களைப் பெண் பார்த்திருப்பாளா?

ஆல்பம் வந்ததும் அவள் தேடுவது இதையெல்லாம்தான். நாம் கொடுப்பதோ அவளுடைய முகத்தையே நாற்பது பக்கம். தன் முகத்தை அவள் கண்ணாடியில் பார்த்தாயிற்று. ஆகவே, தாலிக்கு முன் இரண்டு நிமிடமும் பின் இரண்டு நிமிடமும் ஒரு கேமரா மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும். முன் வரிசை, பெற்றோர், நாதஸ்வரக்காரரின் கன்னம், சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்க்கிறவர். அந்தக் கேமராவுக்குப் பிளாஷ் வேண்டாம். f/2.8, 1/200, ஐஎஸ்ஓ 3200 போதும்.

எல்லைக்காரர்களான நமக்கென்றே உள்ள சில கோளாறுகளைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். காலையில் அரக்குப் பட்டு, பதினொரு மணிக்குக் கசவு, அதாவது ஜரிகைக் கரை போட்ட வெண்புடவை. அடர்ந்த பட்டு பிரேமை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஜரிகை வெளுக்கும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைக்கிறோம். கசவும் முண்டும் நிறைத்தால் எதிர்ப்பக்கம், வெள்ளை அழுக்காகும். முக்கால் ஸ்டாப் கூட்ட வேண்டும். எல்லையில் வேலந்தாவளம் தாண்டும்போது அந்த டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறப்பவர்கள்தான் அதிகம். வீடியோக்காரர்கள் விநாடிக்கு 30 பிரேமில் எடுத்தால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் துடிக்கும். 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள்.

பெண் வீட்டார் ஒரு குழுவும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழுவும் அமர்த்துவது நம் பக்கத்தில் வழக்கம். பிளாஷை வயரில்லாமல் இயக்கும் டிரிக்கர் இரண்டு குழுவிடமும் ஒரே கம்பெனியுடையதாக, பெட்டியிலிருந்து எடுத்தபடியே சேனல் 1-இல் இருந்தால், எதிர்க் குழுக்காரர் அழுத்தும்போதெல்லாம் உங்கள் பிளாஷும் அடிக்கும். அட்சதை விழும் நேரத்தில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், தாலிப் படம் இருட்டாகிவிடும். முழுச் சக்தியில் அடித்துவிட்டு மறுபடி தயாராக இரண்டு மூன்று விநாடி ஆகலாம். மூன்று முடிச்சுக்கு மொத்தமே அரை நிமிடம்தான். ஆகவே கால் சக்திக்கு மேல் வைக்காதீர்கள். மண்டபத்துக்குள் போனதும் எதிர்க் குழுவைத் தேடிப் போய் வணக்கம் சொல்லி, சேனலைப் பிரித்துக்கொண்டு, யார் இடப்பக்கம் யார் வலப்பக்கம் என்று பேசி, எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

டிரிக்கர் பற்றிக் கேட்ட தம்பி முன்னால் வாங்க. டிரிக்கரையும் பிளாஷையும் கொண்டுவந்திருந்தால் இங்கேயே சேனலை மாற்றிக் காட்டிவிடுகிறேன்.