லாரிக்கு ரேடியோ வித்தவர் அமெரிக்காவோட பெரிய போன் கம்பெனியை அசைச்ச கதை!

வணக்கம் மக்களே! பத்து லட்சம் பேர் வேலை பாத்த ஒரு கம்பெனி. அதை எதிர்த்து நின்னவர் ஒரு சின்ன ஊர்ல ரேடியோ வித்துட்டு இருந்தவர். ஸ்கிப் பண்ணாம பாருங்க, செம கதை இது.

1963. இல்லினாய்ஸ் மாநிலம், ஜோலியட் ஊரு, நம்ம ஆளு பேரு ஜாக் கோக்கன். லாரிக்காரங்களுக்கு டூ-வே ரேடியோ விக்கிறாரு, ஆனா சிக்னல் கொஞ்ச தூரத்துலயே போயிடும். சிகாகோல இருந்து செயின்ட் லூயிஸ் வரைக்கும் மைக்ரோவேவ் டவர் போட்டுட்டா டிரைவர் வழி முழுக்க ஆபீஸோட பேசிட்டே போலாம், சின்னச் சின்ன கம்பெனிங்களுக்கும் குறைஞ்ச வாடகைக்கு லைன் கொடுக்கலாம், நம்ம ரேடியோவும் நல்லா விக்கும்னு கணக்குப் போட்டாரு. அதுதான் எம்சிஐ.

போன், ரேடியோவுக்கெல்லாம் பர்மிஷன் தர்ற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்சிசி. அவங்க கிட்ட பர்மிஷன் கேட்டா, நான் முதல்ல சொன்ன அந்தப் பெரிய போன் கம்பெனி ஏடி அண்ட் டி விடவே இல்ல. ஒரே ஒரு ரூட்டுக்கு ஆறு வருஷம் இழுத்தடிச்சாங்க! எனக்கு இன்னைக்கும் கோவம் வர்ற இடம் இதுதான். நடுவுல 1968ல பில் மெக்கோவன்னு ஒரு பிசினஸ்காரர் எம்சிஐ உள்ள வந்து பணம் திரட்டினாரு. 1969 ஆகஸ்ட்ல எஃப்சிசில இதுக்கு ஓட்டு நடந்துச்சு, 4க்கு 3. ஒத்த ஓட்டுல ஜெயிச்சாங்க மக்களே!

1972ல சர்வீஸ் ஆரம்பம். இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டருக்கு வர்றேன். 70கள் நடுவுல எக்ஸிக்யூநெட்னு ஒண்ணு விட்டாங்க. வெளியூர் கால் போடணும்னா முதல்ல எம்சிஐயோட லோக்கல் நம்பரை அடிக்கணும், டோன் வரும், அப்புறம் உங்க கோடை அடிக்கணும், அதுக்கப்புறம்தான் நீங்க பேச வேண்டிய ஆளோட நம்பர். மொத்தம் 20 நம்பருக்கு மேல! சுத்துற டயல் போன்ல இதெல்லாம் நடக்காது, பட்டன் போன் வேணும். இவ்ளோ தொல்லை இருந்தும் கடைக்காரங்க, சின்ன ஆபீஸ்காரங்கல்லாம் வரிசையா சேர்ந்தாங்க, ஏன்னா பில்லு அவ்ளோ குறைஞ்சுச்சு. ஒரே கம்பெனி கையில மொத்த போனும் இருந்தா மக்கள் எவ்ளோ தண்டம் கட்டுறாங்கன்னு இதுலயே புரியுதா?

1974ல ஏடி அண்ட் டி மேல எம்சிஐ கேஸ் போட்டுச்சு. 1980ல ஜூரி 60 கோடி டாலர் நஷ்டஈடுன்னு சொன்னாங்க, சட்டப்படி அது மூணு மடங்காகி 180 கோடி டாலர் ஆச்சு, அப்பீல்ல அது ரொம்பவே குறைஞ்சுது. ஆனா அதே 1974ல அமெரிக்க அரசாங்கமும் ஏடி அண்ட் டி மேல தனியா கேஸ் போட்டிருந்துச்சு, அதோட முடிவுல 1984 ஜனவரி 1ஆம் தேதி ஏடி அண்ட் டியோட லோக்கல் போன் பிசினஸ் ஏழு கம்பெனியா பிரிஞ்சுது.

அப்புறம் 1998ல வேர்ல்டுகாம்ங்கிற டெலிகாம் கம்பெனி எம்சிஐயை வாங்குச்சு, 2002ல கணக்கு மோசடில அந்த வேர்ல்டுகாமே திவாலாச்சு, 2006ல எம்சிஐ வெரைசன்ங்கிற போன் கம்பெனி கைக்குப் போச்சு.

கோக்கன்? அவர் எம்சிஐயை விட்டு எப்பவோ வெளிய வந்துட்டாரு, பறக்குற விமானத்துல இருந்தே போன் பேசுற ஏர்ஃபோன் ஆரம்பிச்சவரும் அவரேதான். அந்தக் கதை வேணுமா? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோ அதுதான்!