ஏட்டில் இருந்தது சரிதான்

அன்பர்களே, காஞ்சிபுரத்தில் எமனின் கணக்கரான சித்திரகுப்தரைச் சேவித்தவர்களுக்குத் தெரியும்: வலக்கையில் எழுத்தாணி, இடக்கையில் ஏடு. எமனின் பாசக்கயிற்றை நினைத்து நடுங்குகிறோம். அந்தக் கயிறு ஒருமுறைதான் வீசப்படும். எழுத்தாணியோ நாம் பிறந்த நாள் முதல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒருவர் எப்படி இத்தனை பேரைக் கவனிப்பார் என்ற கேள்விக்குக் கருட புராணம் விடை வைத்திருக்கிறது. பிரம்மாவின் மைந்தர்களான சிரவணர்கள், நாம் ஒளித்துச் செய்வதையும் கிசுகிசுப்பதையும் அறிந்து வந்து அவரிடம் சொல்வார்களாம். ஆக, தப்ப வழியில்லை. அதனால்தான் சித்ரா பௌர்ணமியன்று உப்பில்லாமல் விரதமிருந்து, 'மலையளவு பாவத்தைக் கடுகளவாகவும், கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள்' என்று வேண்டுகிறோம். கணக்கைத் திருத்தச் சொல்லிக் கணக்குப்பிள்ளையிடமே மனு! சிரிக்காதீர்கள், நானும் கொடுத்தவன்தான்.

ஆனால் மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் ஒருவர் மனு கொடுக்கவில்லை, வழக்கே தொடுத்தார். மாண்டவ்யர். மௌன விரதத்தில் கைகளை உயர்த்தி நின்றிருந்தார். திருடர்கள் கொள்ளைப் பொருளோடு அவர் ஆசிரமத்தில் பதுங்கினார்கள். துரத்தி வந்த காவலர்கள் கேட்டதற்கு முனிவர் வாய் திறக்கவில்லை. அவரையும் சேர்த்துக் கழுவில் ஏற்றிவிட்டார்கள். உயிர் போகவில்லை. உண்மை தெரிந்து ஓடிவந்த அரசனால் கழுமரத்தை உருவ முடியாமல் அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. மிச்சத் துண்டு உடம்பிலேயே தங்கியது. அதைச் சுமந்துகொண்டே எமனாகிய தர்மதேவனிடம் போனார்.

"நான் செய்த பாவம் என்ன?"

"சிறு வயதில் பூச்சிகளின் வாலில் புல்லைச் செருகினீர்."

கணக்கில் பிழையே இல்லை, கவனியுங்கள். பூச்சி உண்மை, புல்லும் உண்மை. மாண்டவ்யர் அதை மறுக்கவும் இல்லை. அற்பக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்றுதான் கேட்டார். தர்மதேவனிடம் பதில் இல்லை. இனிப் பதினான்கு வயது நிறையும் வரை செய்வது எதுவும் பாவமாகாது என்று அங்கேயே வரம்பு கட்டினார் முனிவர். நீதிபதியை மண்ணில் போய்ப் பிறக்கும்படி சபித்தும் விட்டார். நரகத்தின் எண்ணெய்க் கொப்பரைகளை விரித்துச் சொல்லும் நாம், இந்தக் கதையை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்தச் சாபத்தால் பணிப்பெண் வயிற்றில் பிறந்தவரே விதுரர். பாஞ்சாலி இழுத்துவரப்பட்ட அன்று, எல்லாருக்கும் தீர்ப்பு எழுதிய அதே தர்மதேவன், அஸ்தினாபுரத்துச் சபையில் ஒரு பெண்ணுக்காக நியாயம் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தார். திருதராஷ்டிரன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.