1971-இல் எஃப்-150 ஏது, நண்பர்களே?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கார்பரேட்டர் வீடியோ வர வேண்டியது. அது அடுத்த வாரம். நேற்று ராத்திரி கண்ணில் பட்ட ஒரு விற்பனை விளம்பரத்தைப் பற்றிப் பேசாமல் என்னால் வேறு வேலை பார்க்க முடியாது. "1971 ஃபோர்டு எஃப்-150, அசல் நிலை" என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு 24,000 டாலர் கேட்கிறார்கள்! விலையை விடுங்கள். 1971-இல் எஃப்-150 என்று ஒரு பிக்கப் (பின்னால் திறந்த பெட்டி உள்ள சின்ன லாரி) கிடையவே கிடையாது. படத்தில் நிற்பது எஃப்-100. என்னிடம் இருக்கும் பச்சை நிற 1972 எஃப்-100-க்கு ஒரு வயது மூத்தது, அவ்வளவுதான்.

எஃப்-150 வந்தது 1975 மாடலில். அது வந்த காரணமும் சுவாரசியமானது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய சமயம் அது. மொத்த எடைத் தகுதி (வண்டியும் பாரமும் சேர்ந்து இருக்கலாம் என்கிற எடை) 6,000 பவுண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்குத்தான், அதாவது சுமார் 2,720 கிலோவுக்குள் இருப்பவற்றுக்குத்தான், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் கருவி), ஈயம் கலக்காத பெட்ரோல் என்ற கெடுபிடி. ஃபோர்டு என்ன செய்தது? எஃப்-100-க்கும் எஃப்-250-க்கும் நடுவில் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டுகிற ஒரு வண்டியை இறக்கியது. அதுதான் எஃப்-150. எஃப்-100 1983 வரை கூடவே ஓடி நின்றுபோனது. இன்று உலகமே எஃப்-150 என்கிறது. அதற்கு முன்னால் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் 20 வருஷத்துக்கு மேல் முதுகு ஒடிய உழைத்த எஃப்-100-இன் பெயரை அழித்துவிட்டு இதை எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

இருங்கள், தொடக்கத்தைச் சொல்லாமல் நடுவில் குதித்துவிட்டேன். ஃபோர்டின் இந்த எஃப் வரிசை 1948-இல் தொடங்கியது. போருக்குப் பிறகு ஃபோர்டு புதிதாக வடிவமைத்த லாரிகள். சின்ன பிக்கப் எஃப்-1, பெரிய லாரி எஃப்-8. கேபினை அகலமாக்கி, "மில்லியன் டாலர் கேபின்" என்றே விளம்பரம் செய்தார்கள். உள்ளே 239 கன அங்குல ஃபிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வகை) வி8 என்ஜின், 100 குதிரைத்திறன். 1953-இல் புது உடம்பு வந்தபோது எஃப்-1 எஃப்-100 ஆனது.

1961-இல் செய்த கூத்துதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது. கேபினையும் பின்பெட்டியையும் இடைவெளி இல்லாமல் ஒரே உடம்பாகச் செய்தார்கள். பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிக்கப் என்றால் பாரம் ஏற்றினால் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், முறுக்கும். கேபினும் பெட்டியும் தனித்தனியே அசைய வேண்டும். பாரம் ஏற்றினால் கதவு சிக்கிக்கொள்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. 1963-உடன் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். நல்லவேளை.

1965, அது வருஷம்! முன்னால் இரட்டை ஐ-பீம் சஸ்பென்ஷன், இரண்டு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதே வருஷம் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங்குக்குச் சங்கிலி கிடையாது, பல்சக்கரம். என்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கைத் தாங்க 7 மெயின் பேரிங். 1996 வரை பிக்கப்பில் ஓடியது என்றால் பாருங்கள். வி8 ரசிகர்கள் கீழே வந்து சண்டை போடுங்கள், நான் மாறப்போவதில்லை.

சரி, என் பச்சை வண்டியின் கேபினுக்குள் பெட்ரோல் வாடை வந்த பிரச்சினை என்ன ஆனது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தீர்ந்தது! பழைய ஆட்களுக்குத் தெரியும், இந்தத் தலைமுறையில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் குழாய் பக்கவாட்டுத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். அது காய்ந்து வெடித்திருந்தது, அந்த வழியாகத்தான் வாடை உள்ளே வந்தது. புது வளையம் 9 டாலர். அனுப்புகிற கூலி 14 டாலர்! உள்ளங்கை அளவு ரப்பருக்கு! கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் கூலியைப் பார்த்து அன்று முழுக்க எனக்கு எரிச்சல். மாட்டுவதும் லேசில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, கீழ் உதட்டை முதலில் உள்ளே தள்ளி, பிறகு மேலே அழுத்த வேண்டும். ஆ, மறந்துவிட்டேன், அதற்கு முன் பெட்ரோல் மூடியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வளையம் உள்ளேயே போகாது. 'டப்' என்று உட்கார்ந்தபோது கராஜில் கத்திவிட்டேன். நேற்று கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன், வாடை துளிகூட இல்லை.

1973-இல் அடுத்த தலைமுறை வந்தபோதுதான் டேங்கைக் கேபினுக்கு வெளியே, பெட்டிக்கு அடியில் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 1977-இலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை இந்த எஃப் வரிசைதான். 2015-இல் எஃப்-150-இன் உடம்பை அலுமினியமாக்கினார்கள். அதைப் பற்றித் தனி வீடியோ போட வேண்டும், எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

விளம்பரம் போட்டவருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. இப்படிப் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கதவைத் திறந்து, கதவு விளிம்பில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். வண்டி எண் எஃப்10 என்று தொடங்கினால் அது எஃப்-100. அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.