பாரிமுனையில் கருப்பு கவுன் போட்ட பெண்கள்

[காட்சி: பிராட்வே சிக்னல். எதிரே உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம்.]

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கமிருந்து பிராட்வேக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு இந்தச் சிவப்புக் கட்டடம் ரொம்பப் பழக்கம். 1892-இல் திறந்தது. அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பெண்கூட இங்கே வக்கீலாக நின்று வாதாட முடியவில்லை.

இங்கே மட்டுமல்ல. 1916-இல் கல்கத்தாவில் சட்டம் படித்து முடித்த ரெஜினா குஹாவுக்கு, பெண் என்பதாலேயே வக்கீல் பதிவு கிடைக்கவில்லை. 1923-இல் தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். சென்னையில் ஆனந்தபாய் 1928-இல் சட்டப் பட்டம் வாங்கி, அடுத்த வருடம் வக்கீலாகப் பதிவு செய்தார்.

[காட்சி: வியாசர்பாடி தெரு. தண்ணீர் லாரி, குடங்கள்.]

சரி, "முதல் பெண்" பட்டியல் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒரு தீர்ப்பு.

சாலை விபத்தில் ஒரு இல்லத்தரசி இறந்துபோனால் நஷ்டஈடு எவ்வளவு? 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த அட்டவணை, கணவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய வருமானமாக வைத்துக்கொள்ளச் சொன்னது. கணவர் ஹார்பரில் மூட்டை தூக்கி மாதம் 9,000 சம்பாதித்தால், மனைவியின் உழைப்பு 3,000. அதே சமையல், அதே பிள்ளை வளர்ப்பு, கணவர் பெரிய அதிகாரி என்றால் மட்டும் மதிப்பு எகிறிவிடும். என்ன கணக்கு இது?

2009-இல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இந்த உயர் நீதிமன்றத்தில் எழுதிய தீர்ப்பு, வீட்டு வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று விரிவாகப் பேசியது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டியது.

அந்தப் பட்டியலையும் ஒரேயடியாக விட்டுவிட முடியாதுதான். 1992-இல் காந்தகுமாரி பட்நாகர் இங்கே முதல் பெண் தலைமை நீதிபதி ஆனார். 1988-இல் மாவட்ட நீதிபதியாகத் தொடங்கிய ஆர். பானுமதி, 2014-இல் உச்ச நீதிமன்றம் போனார். திருநங்கை சத்யஸ்ரீ ஷர்மிளா வக்கீல்களைப் பதிவு செய்யும் தமிழ்நாடு பார் கவுன்சிலில் 2018-இல் வக்கீலாகப் பதிவு செய்தார்.

[காட்சி: தம்புச் செட்டித் தெரு. குறுகலான மாடிப்படி, வக்கீல் பெயர்ப் பலகைகள்.]

வீட்டில் யாரும் வக்கீல் இல்லாத ஒரு பெண் இந்தப் படியேறி ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தால், முதல் சில வருடம் பஸ் செலவுக்கே திண்டாட்டம். ஆண் ஜூனியருக்கும் அதே கதிதான், ஆனால் பெண்ணை வீட்டில் சீக்கிரம் "போதும்மா" என்று சொல்லிவிடுவார்கள். 2024-இல் உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு சீனியர் மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும், மற்ற ஊர்களில் 15,000. ஆண், பெண் பாகுபாடு கூடாது. சேம்பரில், அதாவது சீனியரின் அலுவலகத்தில், சேரும் அன்றைக்கே சீனியரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.