மூன்றாவது ஆள்

வணக்கம் நேயர்களே. மனசுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ரொம்ப யோசிக்கவில்லை. ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியைப் பற்றிக் கவலைப்படாமல் ஒருவர் இருக்க முடியாது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே சிவப்புச் சட்டையில் கிளம்பிவிடும், மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரிப் பையன்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம்.

நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம் இல்லை இது. முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எறிந்து, மோதி விழுந்து ஆடுகிற அமெரிக்க ஆட்டம். விதிகளை விளக்கப் போனால் படம் வரைய வேண்டியிருக்கும், வானொலியில் அதற்கு வழியில்லை. ஒரே ஒரு ஆளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குவார்ட்டர்பேக். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு பண்ண வேண்டும், அதுவும் 120, 130 கிலோ ஆட்கள் தன் மேல் பாய்ந்து வரும்போது. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்கும், காய் நறுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள், அவர் ஒருவர் காலையில் கையைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பந்தி தடுமாறிப்போகும்.

2014-ஆம் வருஷம் ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு அப்படி ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை நடந்தது.

பயிற்சியாளர் பெயர் அர்பன் மேயர். 2012-இல் பொறுப்பேற்று அந்த முதல் வருஷமே 12 ஆட்டத்திலும் ஜெயித்தவர். அவருடைய குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர், 2012-லும் 2013-லும் பிக் டென் என்கிற அவர்கள் கூட்டமைப்பின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். 2014 ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், பயிற்சியில் பந்தை எறியும்போது அவருடைய வலது தோள் மறுபடியும் கிழிந்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க ஆட முடியாது. எறிகிற கை அதுதான்.

அடுத்து வந்தவர் ஜே.டி. பாரெட். கல்லூரியில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். பள்ளியில் கடைசி வருஷம் முழங்கால் தசைநார் அறுந்து போய், கொலம்பஸுக்கு வந்த முதல் வருஷத்தை ஆடாமலேயே கழித்தவர். இரண்டாவது ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றார்கள், பாரெட் எறிந்த மூன்று பந்து எதிரணி கையில் போய் விழுந்தது, ஏழு தடவை அவரைப் பந்தோடு கீழே தள்ளினார்கள். அவருக்கு முன்னால் அரண் மாதிரி நிற்க வேண்டிய ஐந்து பேரில், முந்தின வருஷம் முதல் வரிசையில் நின்றவர் ஒருவர்தான் மிச்சம். அன்று ராத்திரி ஊரில் எல்லாரும் கையைக் கழுவிவிட்டார்கள். நானும்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் மேயர் செய்த வேலையின் கனம் புரியாது. காசுக்கு ஆடுகிற தொழில்முறை அணியில் ஒருவருக்கு அடிபட்டால் வேறு ஊரிலிருந்து ஒருவரை வாங்கிவிடலாம், நடு சீசனில்கூட. கல்லூரியில் அது நடக்காது. சீசன் ஆரம்பித்த பிறகு வெளியிலிருந்து ஆள் கொண்டுவர முடியாது. உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் அந்தக் காலத்தில் அதிகபட்சம் 85 பேர். ஆகஸ்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் ஜனவரி வரைக்கும். ஆகவே அடிபட்டவருக்குப் பதில் ஆள் தேடுவது என்ற பேச்சே கிடையாது. அந்த ஆள் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் இருக்கிறான், நீங்கள் அவனை வளர்த்து வைத்திருக்கிறீர்களா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

மேயர் எப்படி வளர்த்தார்? அணியை ஒன்பது சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பயிற்சியாளர் கையில் கொடுத்தார். ஓடுகிறவர்கள் ஒரு குழு, அரண் நிற்கிறவர்கள் ஒரு குழு, இப்படி. அந்தக் குழுவில் கடைசி ஆள் தேறாவிட்டாலும் அதற்கு அந்தப் பயிற்சியாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு சின்னச் சூத்திரம், டிம் கைட் என்கிற ஆலோசகர் கொண்டுவந்தது: நடந்தது எது, அதற்கு நீ என்ன செய்தாய், இரண்டும் சேர்ந்ததுதான் முடிவு. நடந்தது உன் கையில் இல்லை, நடுவில் இருக்கிறது மட்டும் உன் கையில் இருக்கிறது. கேட்க எளிமையாக இருக்கும். 19 வயதுப் பையன் தோள் கிழிந்து படுத்திருக்கிறபோது அதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். அதனால் அடிபடுவதற்கு முன்னாலேயே, குளிர்காலத்தில், யாருக்கும் எதுவும் ஆகாத நாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் பையன் பள்ளி அணியில் இரண்டு வருஷம் மூன்றாவது குவார்ட்டர்பேக். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் முடிந்து வருவான். சனிக்கிழமை காலையில் அவன் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தால் ஒரு புல் கறை இருக்காது, முழங்கையில் மண் இருக்காது. என் மனைவி கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், அப்புறம் மற்றத் துணியோடு சேர்த்துப் போட்டுவிடுவாள். ஒருநாள் கேட்டேன், "ஆட்டம் முழுக்க என்னடா பண்ணுவே?" என்று. "சைகை காட்டுவேன்பா" என்றான். பயிற்சியாளர் சொல்கிற ஆட்டத் திட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று கை அசைவில் உள்ளே இருக்கிற முதல் ஆளுக்குச் சொல்வது மாற்று ஆட்களின் வேலை. அதற்கு எல்லாத் திட்டமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இவன் சும்மா நிற்கவில்லை, முதல் ஆளுக்குத் தெரிந்த எல்லாம் இவனுக்கும் தெரிந்தாக வேண்டும். வித்தியாசம், பயிற்சியில் முதல் ஆள் நூறு தடவை எறிந்தால் இவனுக்குப் பத்து கிடைக்கும். சில வாரம் அதுவும் கிடைக்காது. அந்தப் பத்தை எப்படிக் கொடுக்கிறார், அவன் எறியும்போது பார்க்கிறாரா, திருத்துகிறாரா, இல்லை தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாரா என்பதை வைத்து ஒரு பயிற்சியாளரை எடைபோட்டுவிடலாம். என் பையனுக்கு வாய்த்தவர் தண்ணீர் குடிக்கப் போகிறவர். சரி, அது போகட்டும்.

பாரெட்டுக்கு வருகிறேன். தோற்ற பிறகு அந்தப் பையன் நிமிர்ந்த விதம் இருக்கிறதே! அரண் நின்றவர்களும் வாரத்துக்கு வாரம் இறுகினார்கள். பென் ஸ்டேட் ஆட்டத்தில் முழங்கால் சுளுக்கோடு ஆடி, கூடுதல் நேரத்துக்கும் கூடுதல் நேரம் போய் 31-24 என்று ஜெயித்தார். டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது; அந்த சீசனில் தானே ஓடியும் எறிந்தும் மொத்தம் 45 டச்டவுன், பிக் டென்னில் அதற்கு முன் யாரும் செய்யாதது. மில்லரை எல்லாரும் மறந்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

நவம்பர் 29, நன்றி செலுத்தும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, மிஷிகனோடு ஆட்டம். ஒஹாயோக்காரர்களுக்கு வருஷத்தில் இந்த ஒரு ஆட்டம் போதும். மதியம் 12 மணிக்கு ஆரம்பம். வீட்டில் விருந்தாளிகள், இட்லி அரிசி தீர்ந்துவிட்டது, என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். காரில் வானொலியில் கேட்டுக்கொண்டே போனேன், வாங்கிக்கொண்டு வந்தும் காரை எடுக்கவில்லை, கடை வாசலிலேயே உட்கார்ந்து கேட்டேன். நாலாவது கால்பகுதி அப்போதுதான் ஆரம்பிக்கிறது. 28-21, நாங்கள் முன்னணியில். பாரெட் பந்தோடு ஓடினார், ஆட்கள் மேலே விழுந்தார்கள், எழுந்திருக்கவில்லை. ஒரு லட்சம் பேர் சத்தம் போடுகிற மைதானம் வானொலிக்குள் அப்படியே அடங்கிப்போனது. கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாதி இலை கார் சீட்டில் கிடந்தது. வலது கணுக்கால் முறிந்துவிட்டது.

ராத்திரி தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பாரெட் தரையில் கிடக்கிறார், சுற்றி மருத்துவர்கள். எதிரணி மிஷிகனின் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் நடந்து வந்து பக்கத்தில் குனிந்து ஏதோ ஆறுதல் சொல்கிறார். நூறு வருஷத்துக்கு மேலான பகை இரண்டு பல்கலைக்கழகத்துக்கும். அந்த இடத்தில் கிடப்பது என்றால் என்னவென்று அந்த மைதானத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது ஆள் உள்ளே வந்தார். கார்டேல் ஜோன்ஸ். கிளீவ்லாந்துப் பையன், நல்ல உயரம், 110 கிலோவுக்கு மேல், கையில் அசுர பலம். ஊருக்கு அவரைத் தெரிந்ததே வேறு காரணத்துக்காக: 2012-இல், ஃபுட்பால் ஆட வந்த நாங்கள் எதற்கு வகுப்புக்குப் போக வேண்டும் என்று ட்விட்டரில் எழுதி நாடு முழுக்கத் திட்டு வாங்கியவர். ஆகஸ்டில் பாரெட்டுக்கும் பின்னால் போனவர். மேயர் அவரை விட்டுவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கெஜம் போனால்தான் பந்து கையில் நிற்கும் என்ற நிலை. ஜோன்ஸ் பந்தை எஸீக்கியேல் எலியட்டிடம் கொடுத்தார், அவர் இடைவெளியில் புகுந்து 44 கெஜம் ஓடி எல்லையைத் தாண்டிவிட்டார். கடைசியில் 42-28.

அடுத்த சனிக்கிழமை இண்டியானாபொலிஸில் பிக் டென் இறுதி ஆட்டம், விஸ்கான்சினோடு. ஜோன்ஸ் கல்லூரியில் முதன்முதலாக ஆரம்பத்திலிருந்தே ஆடுகிற ஆட்டம் அது. கையில் ஒரு வாரம். தாக்குதலுக்குப் பொறுப்பான பயிற்சியாளர் டாம் ஹெர்மன். அவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: ஜோன்ஸைப் பாரெட் மாதிரி ஆடச் சொல்லவில்லை. பாரெட் நிறைய ஓடுகிறவர், சின்னச் சின்னதாக எறிகிறவர். இவருக்குக் கையில் பலம், தூரமாக எறி என்றார்கள். முதல் தடவை பந்து கிடைத்தபோதே டெவின் ஸ்மித்துக்கு 39 கெஜம் எறிந்து டச்டவுன். அதே ஸ்மித்துக்கு இன்னும் இரண்டு. ஆட்டம் முடிந்தபோது 59-0. தேசிய வாகைக்காகக் கடைசியில் மோதுகிற நாலு அணிகளில் அதுவரை இவர்களுக்கு இடமில்லை, மறுநாள் நாலாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ஆள் புதிதாக எதையும் கற்கவில்லை, கவனியுங்கள். மற்ற பத்துப் பேரும் தங்கள் வேலையை அவருக்காக மாற்றிக்கொண்டார்கள். மார்ச் மாதத்துப் பயிற்சியில் அவரோடு சேர்ந்து ஓடியவர்கள் அவர்கள், அவர் எறிகிற பந்து எவ்வளவு வேகமாக வரும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். இது ஒரு வாரத்தில் வருகிற பழக்கம் இல்லை.

அப்புறம் ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸில் அரையிறுதி, நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவோடு. 21-6 என்று பின்தங்கிக் கிடந்து 42-35 என்று ஜெயித்தார்கள், எலியட் 85 கெஜம் ஓடினார். ஜனவரி 12, டெக்சாஸில் இறுதி ஆட்டம், ஆரிகனோடு. நாலு தடவை பந்தைப் பறிகொடுத்தும் 42-20. கல்லூரியில் அதுவரை மூன்றே ஆட்டம் ஆரம்பத்திலிருந்து ஆடிய ஒருவர், அந்த மூன்றில் ஒன்றில் கூட்டமைப்புக் கோப்பை, ஒன்றில் அலபாமா, ஒன்றில் தேசிய வாகை. மூன்றே நாளில் தன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், தொழில்முறை ஆட்டத்துக்கு இப்போது போகவில்லை, படிப்பைத் தொடரப் போகிறேன் என்று அறிவித்தார். 2017-இல் பட்டமும் வாங்கினார். வகுப்புக்கு எதற்கு என்று கேட்ட அதே பையன்.

மேயரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 2018-இல் ஒரு துணைப் பயிற்சியாளர் மேலிருந்த குடும்ப வன்முறைப் புகாரை அவர் கையாண்ட விதத்துக்காகப் பல்கலைக்கழகம் அவரை மூன்று ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது, அது சரியான காரியம், அதுகூடப் போதாது என்பது என் எண்ணம். 2015-இல் இன்னொன்றும் பார்த்தோம். பாரெட் கால் சரியாகி வந்துவிட்டார், ஜோன்ஸும் இருக்கிறார், மில்லர் எறிகிற கை பழையபடி ஆகாததால் பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறி ஆடினார். எல்லாரும் நலம். அப்போதுதான் யாரை ஆட வைப்பது என்று தடுமாறினார்கள். மூன்று பேரும் நன்றாக இருந்த அந்த வருஷம் மிஷிகன் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்று வாகைக் கனவு போனது. அடிபட்டபோது மேயருக்குத் தெளிவாக இருந்த கை, எல்லாரும் எழுந்து நின்றபோது தெளிவாக இல்லை. அதைப் பற்றியே இன்னொரு நாள் பேசலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். தலையில் அடிபடுவதைப் பற்றி, 2010-லிருந்து ஒவ்வொரு கல்லூரியும் அதற்கென்று தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி, பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைப் பற்றியெல்லாம் எழுதி எடுத்து வந்திருந்தேன், நேரமில்லை. உங்கள் பிள்ளை தலைசுற்றுகிறது என்றால் அன்றைக்கு ஆட விடாதீர்கள், மருத்துவர் சொல்லும் வரை விடாதீர்கள். அது மட்டும்.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 2017 நவம்பர், மறுபடியும் மிஷிகன், இந்தத் தடவை அவர்கள் மைதானம். பாரெட்டுக்குக் கடைசி வருஷம். முழங்காலில் அடி, மூன்றாவது கால்பகுதியில் வெளியே வந்துவிட்டார், 20-14 என்று பின்தங்கியிருக்கிறோம். டுவேன் ஹாஸ்கின்ஸ் என்று ஒரு இளம் பையனை அனுப்பினார்கள். 13 கெஜம் வேண்டிய இடத்தில் 27 கெஜம் எறிந்தான். 31-20. நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன், என் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஹாஸ்கின்ஸ் உள்ளே ஓடும்போது, "அவனுக்கு எல்லாம் தெரியும்பா, பாருங்க" என்றான்.

நன்றி, வணக்கம்.