ஓமானில் கேட்ட மொழிகள்

அவையோருக்கு வணக்கம்.

ஓமானை அரபு நாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆட்சிமொழி அரபுதான். ஆனால் மஸ்கட்டில் மத்ரா கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். ஒரு குடும்பம் பலூச்சி பேசிக்கொண்டு போகும், இன்னொன்று சுவாஹிலி. இரண்டும் ஓமானியக் குடும்பங்களே. இன்று பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானில் இருக்கும் குவாதர் துறைமுகம் 1958 வரை ஓமான் சுல்தானிடம் இருந்தது. சுவாஹிலி பேசும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரும் ஒரு காலத்தில் ஓமான் சுல்தானின் தலைநகர். 1964 புரட்சியில் அங்கிருந்து சிதறியவர்கள் பலர், 1970-க்குப் பிறகு சுவாஹிலியோடு ஓமான் திரும்பினார்கள்.

தெற்கே தோஃபார் மலையில் பேசும் ஷெஹ்ரி, பாலைப் பக்கத்து மெஹ்ரி இரண்டையும் அரபின் வட்டார வழக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அரபுக்கு உறவான தனி மொழிகள் அவை, மஸ்கட்காரருக்கே புரியாது. எழுத்து மரபு இல்லாததால், பாட்டியின் வாயோடு போய்விடக்கூடிய மொழிகள். இவற்றின் இன்னொரு உறவு மொழியான பத்ஹரி பேசத் தெரிந்தவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நினைத்தாலே மனசு கனக்கிறது.

அதே தோஃபார் கரையில், குந்திரிக்கம் ஏற்றுமதியான கோர் ரோரி துறைமுகத்தில், தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் இருப்பது ஓர் ஆளின் பெயர்: ணந்தை கீரன். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே நம் ஆள் அங்கே புழங்கியிருக்கிறான்!

இன்றைக்கு அங்கே போகும் நம் பிள்ளைகள் பேசுவது வேறொரு மொழி. 'அனா ஃபீ ரூஹ்' என்றால் நான் போகிறேன். 'அனா மாஃபீ ரூஹ்' என்றால் போகவில்லை. 'நீ' என்பதற்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'இன்த'. மலையாளிக் கொத்தனாரும் வங்காளித் தச்சரும் தமிழ் வயர்மேனும் தங்களுக்குள் பேசிக்கொள்ள, வகுப்பறையே இல்லாமல் உண்டாக்கிய மொழி இது. இதை உடைந்த அரபு என்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். இதற்கும் இலக்கணம் உண்டு.

ஆனால் இது வேலைக்காகப் பிறந்த மொழி. கொண்டு வா, தூக்கு, நாளைக்கு, முடிந்தது என்பதற்கு 'கலாஸ்' எல்லாம் இருக்கிறது. நோவைச் சொல்லத்தான் சொல் போதவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: வேலை ஒப்பந்தமும் மருத்துவர் கேட்கும் கேள்வியும் தொழிலாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும்.

ஒருமுறை வயிற்றுவலி வந்த நம் ஊர்த் தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எப்படி வலிக்கிறது என்று மருத்துவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்: 'பத்தன் மாஃபீ ஜேன்.' வயிறு சரியில்லை, அவ்வளவுதான். பிறகு நான் தமிழில் கேட்டேன்.

"மூணு நாளா அடிவயித்தப் பிசையுதுண்ணே. ராத்திரி படுத்தா முதுகுக்கு ஓடுது. ஒண்ணுக்குப் போனா சுருக்குனு எரியுது. வீட்ல மட்டும் சொல்லிராதீங்க."